உன் அப்பா மைக்கை அணைத்த நாள்

மக்கா,

போனில் பேசினால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எப்போதும் அப்படித்தான் ஆகிறது. நான் ஒரு சொல்லை எடுக்கும் முன்னே நீ அதைப் பிடித்து, அழகாக முடித்து, என்னிடமே திருப்பித் தந்துவிடுகிறாய். போனை வைத்த பிறகுதான், நான் சொல்ல வந்தது அதுவல்லவே என்று தோன்றும். அதனால்தான் எழுதுகிறேன். தைக்க வந்த பிளவுஸ் துணிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு மிஷின் பலகைமேல் பேப்பரை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும். வேறு யாராவது உன் காதில் போடும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: போன வாரம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில், அத்தனை பெண்களுக்கு முன்னால் எழுந்து நின்று, என் மகன் மேடையில் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். பெற்ற தாய் அப்படிச் சொல்லலாமா என்று நீ கேட்பாய். உன் அப்பாவும் அதைத்தான் கேட்டார். எனக்கும் இன்றுவரை பதில் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

நீ எவ்வளவு கூச்சக்காரப் பிள்ளையாக இருந்தாய் என்பது உனக்கே இப்போது நினைவிருக்குமோ என்னவோ. வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாய். கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் "என்ன வேணும் மக்கா?" என்று கேட்டதும் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்துவிடுவாய். உன் அப்பாவுக்கோ தொழிலே மைக் செட். கோயில் கொடை விழா, சர்ச் திருநாள், கட்சிக் கூட்டம், கல்யாணம் என்று இரணியலைச் சுற்றி எங்கே ஒரு ஸ்பீக்கர் குழாய் கட்ட வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய பெரிய பேச்சாளர்கள் வந்து போகிற மேடைக்கெல்லாம் மைக் வைத்துக் கொடுத்த மனிதருடைய மகன் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்கிறானே என்று அவரைவிட எனக்குத்தான் ஆற்றாமை அதிகம். அதனால்தான் எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டி என்றதும் நானே ஸ்கூலுக்கு வந்து உன் பெயரைக் கொடுத்தேன். உன்னிடம் கேட்கவே இல்லை. தமிழாசிரியர் எழுதித் தந்த 'மரம் வளர்ப்போம்' பேச்சை நான் தைத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நீ சுவரைப் பார்த்து நின்று ஒப்பித்தாய். ஒரு வரி பிசகினால் முதலிலிருந்து சொல்ல வைப்பேன். மரத்தைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. வகுப்பு அளவில் நீ ஜெயித்தாய், ஆண்டு விழா மேடையிலும் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த விழாவுக்கும் மைக் செட் அப்பாவுடையதுதான். மேடைக்கு வலப்பக்கம், வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டு ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெற்றோர் வரிசையில் இருந்தேன். நீ ஏறினாய், வணக்கம் சொன்னாய், முதல் பத்தியை மணிமணியாகச் சொன்னாய். பக்கத்தில் இருந்தவளிடம், "எனக்க பிள்ளையாக்கும்" என்று பெருமையோடு சொல்லித் திரும்பினேன். அப்போதுதான் "மரம்..." என்று நின்றாய். மறுபடியும் "மரம்..." என்றாய். மூன்றாவது முறை நீ சொல்லும்போது பின்வரிசைப் பையன்கள் சேர்ந்து "மரம்! மரம்!" என்று கத்தத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர்களும் சிரித்தார்கள். உன் உதடு கோணிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். எழுந்து ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அந்த நேரத்தில் மைக் சத்தம் நின்றது. குழாயிலிருந்த இரைச்சல்கூட இல்லை. அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து தலையில் அடித்துக்கொண்டு, "ஆம்ப்ளிஃபயர் போச்சு சார்! ஒரு அஞ்சு நிமிஷம்!" என்று கத்தினார். எல்லாருடைய கண்ணும் உன்னை விட்டுவிட்டு அவரிடம் போயிற்று. தலைமை ஆசிரியர் மேடையிலிருந்தே அவரைத் திட்டினார். "நல்ல செட்டா கொண்டுவர முடியாதுன்னா எதுக்குவே பணம் வாங்குக?" என்று கேட்டார். அப்பா வயரைப் பிடுங்கி, மாட்டி, ஊதி, துடைத்து, என்னென்னவோ செய்துகொண்டிருந்தார். அதற்குள் டீச்சர் உன்னைப் பின்பக்கமாக இறக்கிக் கூட்டிப்போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஸ்கூலில் அப்பாவுக்கு வேலை கொடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அடுக்களையில் வைத்து அவரிடம் கேட்டேன், "செட்டுக்கு என்ன ஆச்சு?" என்று. "செட்டுக்கு ஒண்ணும் ஆவல. நான்தான் அணைச்சேன்" என்றார். "பய அழப் போறான்டி. தொண்டை அடைக்கது எனக்குக் கேட்டாச்சு. அந்த அழுகை நாலு குழாய்லயும் போய் ஜங்ஷன் வரைக்கும் கேக்கும். பொறவு ஆயுசுக்கும் இவன் மைக்குப் பக்கத்துல வரமாட்டான்" என்றார். அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள், பிள்ளை ஆறுதல்படும் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நான் வேணும்னு அணைச்சேன்னு தெரிஞ்சா, இவனால முடியாதுன்னு அப்பனே தீர்மானிச்சிட்டான்னு நினைப்பான். மைக்குதான் கெட்டுப்போச்சுன்னு இருக்கட்டும். மைக்கு கெட்டா இன்னொரு மைக்கு உண்டும்லா." இதுதான் அவர் சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டேன். நீ மேடையிலிருந்து பார்த்துவிட்டாய், அவருடைய கை சுவிட்சில் இருந்ததை நீ பார்த்துவிட்டாய் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவே தெரியாது. அதை நாங்கள் தெரிந்துகொண்டது, இத்தனை வருஷம் கழித்து நீ மேடையில் பேசின வீடியோவில்தான்.

அந்த வீடியோவில், யாருடைய உதவியும் இல்லாமல் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசித் தைரியத்தை வளர்த்துக்கொண்டேன் என்று சொல்கிறாய். நம் வீட்டில் இருந்த கண்ணாடி அப்பா சவரம் செய்கிற கைக்கண்ணாடி ஒன்றுதான் மக்கா. அதில் பாதி முகம் தெரிந்தால் பெரிது. நீ பேசக் கற்ற இடம் எனக்குத் தெரியும். அந்த ஆண்டு விழாவுக்குப் பிறகு நீ ஸ்கூலில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லக்கூடத் திணறினாய். அப்போதுதான் அப்பா, "சவுண்டு பாக்க எனக்கு ஒரு ஆளு வேணும், நீ வாடே" என்று லீவு நாட்களில் உன்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். அருமனைப் பக்கம் ஒரு கொடைக்கு நானும் உங்களோடு வந்திருந்தேன். மத்தியான வெயிலில் ஆள் நடமாட்டமில்லாத கோயில் மைதானம். உன் கையில் மைக்கையும் அன்றைய பேப்பரையும் கொடுத்து, "நான் அந்தத் தூரத்துக் குழாய்ப் பக்கம் போறேன். நீ வாசிச்சிட்டே இரு. கேக்கலன்னா கை காட்டுகேன்" என்று சொல்லிவிட்டுத் தென்னந்தோப்புக்குள் நடந்து போய்விட்டார். நீ முனகினாய். அவர் தூரத்தில் நின்று கையை ஆட்டினார். கொஞ்சம் உரக்க வாசித்தாய். மறுபடியும் கையை ஆட்டினார். கடைசியில் நீ கத்தி வாசித்தாய். அவர் கையை இறக்கவே இல்லை, அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெறும் மைதானமும் நாலைந்து ஆடுகளும்தான் உன் முதல் கூட்டம். ஒரு குழாயைச் சோதிக்க அவ்வளவு நேரம் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். தொழிலில் அத்தனை வருஷம் பழகின அவருக்குத் தெரியாதா?

பிறகு காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்கும் வேலையை உன்னிடம் விட்டார். "சிவப்புச் சட்டை போட்ட, அஞ்சு வயசுப் பிள்ளை மேடைக்குப் பக்கத்துல நிக்குது, அம்மை எங்க இருந்தாலும் வாங்க" என்று நீ சொன்ன விதத்தைக் கேட்டு அந்தப் பிள்ளையே அழுகையை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் விழாக் குழுக்காரர்கள் உன்னைத் தேடி வந்து அறிவிப்பு எழுதிய சீட்டைத் தந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நீயாகவே ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தாய். இன்ஜினியரிங் படிக்கும்போது கோப்பையோடு வராத மாதம் இல்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, உன் கம்பெனிக்காரர்களுக்கே பேசுவதற்குப் பயிற்சி கொடுத்து, பிறகு வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக ஆக்கிக்கொண்டாய். உன்னைப் பார்த்து எத்தனையோ கூச்சக்காரப் பிள்ளைகள் நிமிர்ந்திருக்கிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீ பேசின வீடியோ ஒவ்வொன்றையும் சொந்தக்காரர்கள், துணி தைக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அனுப்பி வைத்தவள் நான்தான்.

அந்த ஆண்டு விழாக் கதையை முதல்முறை நீ சொன்னபோது, "அப்பா என் மைக்கை அணைத்தார்" என்று மட்டும் சொன்னாய். எனக்குத் திக்கென்றது. ஆனாலும் பிள்ளை வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறான், நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த கல்லூரியில் பேசும்போது, "என்னைப் பார்த்து வெட்கப்பட்டு அணைத்தார்" என்றாய். அதற்கடுத்த மேடையில் உன் கதையில் அவருக்குக் கோபமும் வந்துவிட்டது. மேடைக்கு மேடை கதை வளர்ந்தது. கடைசியில் ஒரு பெரிய ஹாலில், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, "குடிச்சிட்டு வந்த எங்க அப்பாதான் என் குரலை முதல்முதலா அணைச்ச மனுஷன்" என்று நீ சொன்னதும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் அதை ஒருவருக்கும் அனுப்பவில்லை. ஆனால் நான் அனுப்பாவிட்டால் என்ன, அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். கீழே யார் யாரோ எழுதியிருந்ததையும் படித்தேன். இப்படிப்பட்ட அப்பனை எல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று முகம் தெரியாத ஆட்கள் எழுதியிருந்தார்கள். மக்கா, உன் அப்பா கள்ளையோ சாராயத்தையோ தொட்டதில்லை. விடிய விடியக் கொடை நடக்கிற இடத்தில், சுற்றியிருப்பவர்கள் எல்லாம் குடித்துவிட்டுக் கிடக்கும்போது, பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது.

அப்பா அதைப் பார்த்தது ஜங்ஷன் டீக்கடையில். "அண்ணாச்சி, உங்க மகன் வந்திருக்கான் பாத்தியளா" என்று யாரோ போனைக் கடை டிவியில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அந்த இடம் வந்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வந்து டிவியை நிறுத்தியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பய தெளிவா பேசுகான். ஒரு எழுத்த முழுங்கல." அவ்வளவுதான். நான் கத்தினேன், அழுதேன். இப்போதே போன் போட்டு அவனிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துக்கொண்டார். "அவன் சொல்லதுல பாதி உள்ளதுதான்டி. அணைக்கும்போ எனக்கு வெக்கமாவும் இருந்துது. எல்லாவனும் எனக்க பிள்ளையப் பாத்துச் சிரிக்கான்னு வெக்கம். அது அவன் கண்ணுல பட்டிருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். அந்தப் பாதியை ஒப்புக்கொள்ள எவ்வளவு நேர்மை வேண்டும் மக்கா. நானாக இருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு கொடைக்கு மைக் செட் பேச வந்த கோயில்காரர் ஒருவர் வாசலில் நின்றுகொண்டு இழுத்தார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காண்டாம். அம்மன் காரியமில்லா, சுத்தமா இருக்கணும்..." என்றார். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். இதையெல்லாம் உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

இந்த நிலையில்தான் நீ போன் செய்தாய். பழைய ஸ்கூலில் ஆண்டு விழாவுக்கு உன்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அப்பாவையும் மேடை ஏற்ற வேண்டும் என்றாய். அப்பாவிடம் சொன்னேன். போக மாட்டார் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். அன்றைக்கு நீ கேமராக்காரர்கள் இரண்டு பேரோடு வந்து இறங்கியதைப் பார்த்தபோதே எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு ஆசையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மேடையில் அவர் கையில் மைக் வரும், அவர் நடந்ததைச் சொல்லிவிடுவார், நீ திகைப்பாய், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ கதையைச் சொன்னாய். குடியையும் விடவில்லை. சொல்லி முடித்து, "அப்பா, மேல வாங்க" என்றாய். முட்டுவலி வந்த பிறகு அவர் படி ஏறுவது எப்படி என்று உனக்குத் தெரியாது. கம்பியைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஏறினார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் மெல்லச் சிரித்தார்கள். நீ அவரைக் கட்டிப்பிடித்து, "உங்கள நான் மன்னிச்சிட்டேம்ப்பா" என்றாய். உன் கண்ணில் வந்த தண்ணீர் நிஜம்தான், உன் முகம் எனக்குத் தெரியாதா. பிறகு மைக்கை அவர் கையில் கொடுத்தாய்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு மைக் வைத்துக் கொடுத்த மனிதர், முதல்முறையாகத் தன் பேச்சுக்காக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாருக்கும் வணக்கம். எனக்க மகன் சொன்னது எல்லாம் உள்ளதுதான். என்ன மன்னிச்சிரு மக்கா" என்றார். கூட்டமே எழுந்து நின்று தட்டிற்று. நான் மட்டும் எழவில்லை. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். விழா முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடினாய். காரில் ஏறும்போது என் காதுக்குள், "அம்மா, அப்பாவுக்கு இப்பத்தான் மனசு லேசாயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "அத்தன பேருக்கு முன்னால பிள்ளைய பொய்யன்னு சொல்லச் சொல்லுகியா?" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, எட்டாம் வகுப்பில் செய்ததைத்தான் மறுபடியும் செய்திருக்கிறார். நீ விழப்போகிற இடத்தில், பழியைத் தூக்கித் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை இட்லியைப் பிட்டு அப்படியே தட்டில் வைத்தார். பிறகு, "ஏட்டி, உள்ளதச் சொல்லு. நான் மேடை ஏறும்போ குடிச்சவன் மாதிரியா நடந்தேன்?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

இனி குழுக் கூட்டத்துக்கு வருகிறேன். அங்கன்வாடிக் கட்டடத்தில் மத்தியானம் கூடுவோம். தலைவி ஸ்டெல்லா, குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசுகிற நாள் அது என்று சொல்லிவிட்டு, உன் புது வீடியோவைப் போட்டாள். அப்பா மன்னிப்புக் கேட்கிற வீடியோ. நல்ல எண்ணத்தில்தான் போட்டாள். முடிந்ததும், "மைனி, நீங்க எவ்வளவு பாடு பட்டிருப்பீங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றாள். கை தட்டினார்கள். நான் எழுந்தேன். வாய் வறண்டு போயிற்று. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். முதல் சொல் வரவே இல்லை. யாரோ தண்ணீர் தந்தார்கள். அன்றைக்கு நீ மேடையில் எப்படி நின்றிருப்பாய் என்று என் உடம்புக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவரு குடிக்க மாட்டாரு" என்றேன்.

"இப்போ நிறுத்திட்டாரு, அப்படித்தானே மைனி?" என்று ஸ்டெல்லா எடுத்துக்கொடுத்தாள்.

"நிறுத்தல. குடிச்சதே இல்ல. எனக்க மகன் பொய் சொல்லியிருக்கான்."

"அப்போ அண்ணன் ஏன் மன்னிப்புக் கேட்டாரு?"

"மகன் பொய்யன்னு ஆயிரக் கூடாதுன்னு கேட்டாரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மரம் மரம் என்று பிள்ளைகள் கத்தியதையும், அவர் சுவிட்சை அணைத்ததையும், அருமனை மைதானத்தையும் சொன்னேன். முன்னும் பின்னுமாகத்தான் சொன்னேன். நடுவில் அழுதேன். நீ சொல்லிக்கொடுக்கிற மாதிரி கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, தரையைப் பார்த்துத்தான் பேசினேன். முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு கிழவி மட்டும், "என்ன இருந்தாலும் பெத்த பிள்ளைய இப்படிச் சபையில விட்டுக்குடுக்கலாமா?" என்று கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எப்போதும் கோபப்படாத மனிதர். அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் ரெண்டு தடவ மூடி வச்சத நீ ஒரு நாள்ல தொறந்து போட்டுட்ட. நாளைக்கு அவன் எந்த மேடையில போய் எப்படி நிப்பான்?" என்று கேட்டார். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. ஊரில் பாதிப் பேர் என்னை நம்புகிறார்கள், பாதிப் பேர் புருஷனுக்காகப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். ராத்திரியில் படுத்தால் எனக்கும் அந்த இரண்டு பேச்சும் மாறி மாறி ஓடுகிறது. ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். எனக்குத் தைரியம் வந்ததனால் நான் பேசவில்லை. பேசாமல் இருந்தால், என் பக்கத்தில் படுத்திருக்கிற மனிதர் செய்யாத ஒன்றைச் சுமந்துகொண்டே செத்துப்போவார் என்று பயந்து பேசினேன். நீ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற தைரியம் பெரியதுதான் மக்கா. நீ பட்ட பாடும் பொய்யில்லை. ஆனால் கூட்டத்தின் கைதட்டலைக் கேட்டுக் கேட்டு, எந்த வார்த்தைக்குத் தட்டுவார்கள் என்று நாக்கு தானாகப் பழகிவிடும் போலிருக்கிறது. ஏதோ ஒரு மேடையில் 'குடிச்சிட்டு' என்று ஒரு சொல் கூடுதலாக விழுந்திருக்கும், தட்டியிருப்பார்கள், அடுத்த மேடையில் அதை எடுக்க உனக்கு மனம் வந்திருக்காது. நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று என் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இல்லை என்றால் அதையும் என்னிடம் சொல்லிவிடு.

கோபம் வந்தால் போன் போட்டு என்னைத் திட்டு. கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்டு இன்னொரு வீடியோ மட்டும் போட்டுவிடாதே. அதற்கும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள், உன் அப்பா மறுபடியும் ஒரு கதையாகிவிடுவார். அந்த வீடியோவை என்ன செய்வது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் கேட்டுச் செய். ரயிலேறி வா. கேமராக்காரர்கள் வேண்டாம், காரும் வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து ஜங்ஷன் வழியாக, அந்த டீக்கடை வழியாக, நடந்தே வா. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வராதே. தடுமாறினால் தடுமாறு, அவர் சிரிக்க மாட்டார்.

இன்னொன்றையும் இதுவரை உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. இத்தனை வருஷம் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்து அப்பாவுக்கு இடது காது அறவே கேட்காமல் போய்விட்டது. அதனால் எதிரே நின்று பேசாதே. வலது பக்கமாக, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, பைய பேசு.

அம்மா